அவணில் எஃப் 3 பிழை: சென்சரா, வயரா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கோ

ஸ்காபரோவிலிருந்து:

நத்தார் ரிச் கேக்குக்கு நான் ஒக்ரோபரிலேயே பழங்களை வெட்டி பிராண்டியில் ஊறப் போட்டுவிடுவேன். போன வருசம் நவம்பர் கடைசிச் சனிக்கிழமை ரவை வறுத்து, கஜு நறுக்கி, 25 முட்டையின் மஞ்சள் கருவை அடித்துச் சேர்த்து, தட்டை அவணுக்குள் வைத்தேன். 300 ஃபரன்ஹைற், இரண்டரை மணித்தியாலம். நாற்பது நிமிடம் போயிருக்கும், அவண் விடாமல் கத்தத் தொடங்கிவிட்டது. கண்ணாடியில் 'எஃப் 3' என்று மின்னுது. சூடு நின்றுபோச்சு. பாதி வெந்த கேக்கைத் துவாயால் சுற்றிக்கொண்டு நாலு வீடு தள்ளியிருக்கிற மச்சாள் வீட்டுக்கு ஓடினேன். கேக் தப்பியது, ஆனால் நடு கொஞ்சம் இறங்கிவிட்டது.

பிரேக்கரை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் பிழை போய்விடும். அவண் சூடானதும் திரும்ப வரும். அந்த நேரம் எனக்கு இதன் அர்த்தம் விளங்கவில்லை.

திருத்த வந்தவர் மின்தடை அளக்கிற மீற்றரை வெளியிலேயே எடுக்கவில்லை. எஃப் 3 என்ற கோடை, அதாவது பிழைக் குறியீட்டை, பார்த்தார், "கொன்ரோல் போர்ட் போயிட்டுது, 480 டொலர், கூலி வேற. ஏழு வருச ஸ்டோவ்தானே, புதுசு வாங்குங்கோ" என்றார். கொன்ரோல் போர்ட் என்றது ஸ்டோவை இயக்குகிற மின்பலகை. வந்து பார்த்த கூலியைக் கொடுத்து அனுப்பினேன். மனம் ஒப்பவில்லை. கோடின் அர்த்தத்தை ஸ்டோவ் புத்தகத்தில் தேடினால் 'சென்சர் சுற்று' என்று இருந்தது. சென்சர் என்றது அவணின் சூட்டை அறிகிற குச்சி; சுற்று என்றால் அதோடு போர்ட் வரைக்குமான வயரும் இணைப்பும் சேர்ந்தது. நான் சென்சர் என்று மட்டும் வாசித்துவிட்டேன். 'சுற்று' என்ற சொல்லைக் கவனிக்காததுதான் நான் விட்ட பிழை.

38 டொலருக்குப் புதுச் சென்சர் வாங்கினேன். பேஸ்மென்ற்றில் ஸ்டோவுக்கான இரட்டைப் பிரேக்கரை அணைத்து, மணிக்கூட்டு வெளிச்சமும் அணைந்ததைப் பார்த்த பிறகுதான் கை வைத்தேன். 240 வோல்ற், விளையாட்டில்லை. அவணுக்குள், பின் சுவரின் மேல்மூலையில், பென்சில் அளவு உலோகக் குச்சி ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு ஸ்குறூ. கழற்றி மெதுவாக இழுத்தால் வயரும் பிளக்கும் துளையால் வெளியே வரும். வந்ததும் உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பால் வயரைப் பிடித்துவிடுங்கோ. பிளக் பின்னால் விழுந்தால் ஸ்டோவையே இழுத்துப் பின்தகட்டைக் கழற்ற வேண்டும். கையுறையும் போடுங்கோ, பின்னால் இருக்கிற கண்ணாடிப் பஞ்சு இரண்டு நாளைக்குக் கடிக்கும்.

புதுசைப் பூட்டினேன். மூன்று நாள் நல்லாக வேலை செய்தது. நாலாம் நாள் பணிஸ் வைத்தபோது திரும்ப எஃப் 3.

அழுகை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகுதான் இருபது டொலர் மல்ரிமீற்றர் ஒன்றை வாங்கி இருந்து படித்தேன். இந்தச் சென்சருக்குள் இருக்கிறது பிளாற்றினம். சூடு ஏற ஏற அதன் மின்தடை ஏறும். மின்தடையை ஓமில் அளப்பார்கள். பூச்சியம் பாகை செல்சியஸில் 1000 ஓம், அறைச் சூட்டில் 1080, 1090 அளவு, 350 ஃபரன்ஹைற்றில் 1650ஐ ஒட்டி நிற்கும். போர்ட் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எவ்வளவு சூடு என்று கணக்குப் போடுகிறது.

குப்பையில் போடாமல் வைத்திருந்த பழைய சென்சரை எடுத்தேன். ஒரு குவளையில் நொறுக்கின ஐஸும் கொஞ்சத் தண்ணியும் விட்டு, குச்சியை மட்டும் அமிழ்த்தி மீற்றரை வைத்தேன். எண் மெல்ல மெல்ல இறங்கி 1002இல் நின்றது. கொதிக்கிற கேத்தில் தண்ணிக்குள் வைத்தேன், 1383. சரியாக இருக்கவேண்டிய எண் 1385. பழைய சென்சரில் ஒரு குறையும் இல்லை! நான் வீணாகக் கழற்றியிருக்கிறேன். ஒரு முனையையும் உலோக உறையையும் தொட்டுப் பார்த்தேன், தொடர்பு இல்லை. அப்படித்தான் இருக்கவும் வேணும்.

அடுத்தது ஸ்டோவை முன்னுக்கு இழுத்து, போர்ட்டில் இருந்து சென்சர் பிளக்கைக் கழற்றி, அந்த முனையில் அளந்தேன். 1088. நல்ல எண்தான். ஆனால் மற்றக் கையால் வயரை லேசாக ஆட்டினதும் மீற்றர் 'தொடர்பு அறுந்தது' என்று காட்டிவிட்டுத் திரும்ப 1088க்கு வந்தது. ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே கீழே வர, அவணின் பின்சுவருக்குப் பின்னாலிருக்கிற இணைப்பில் பிடிபட்டது. வெள்ளைப் பிளாஸ்ரிக் தேத்தண்ணி நிறத்துக்கு மாறி, தொட்டதும் பிஸ்கற் மாதிரி உடைந்தது. உள்ளே பித்தளை முள் கறுத்துத் தளர்ந்துபோய் இருந்தது. சூட்டில் உலோகம் விரியத் தொடர்பு விடும், ஆறினால் திரும்பத் தொடும். புதுச் சென்சர் பூட்டும்போது பிளக்கைக் கழற்றி மாட்டினேன் அல்லவா, அதில் முள் கொஞ்சம் இறுகி மூன்று நாள் தாக்குப்பிடித்திருக்கிறது.

காரணமும் எனக்குத் தெரியும். நத்தார் சமையலுக்கு முன் துப்புரவாக இருக்கட்டும் என்று இரண்டு கிழமைக்கு முதல் செல்ஃப் கிளீன் (அவண் தன் சூட்டாலேயே அழுக்கை எரித்துத் துப்புரவாக்குகிறது) போட்டனான். அதில் அவண் கிட்டத்தட்ட 480 செல்சியஸ் வரை போகும்.

கருகின இணைப்பை வெட்டி எறிந்து, வயர்களைச் செராமிக் மூடிகளால் முறுக்கி இணைத்தேன். பழைய சென்சரையே திரும்பப் பூட்டினேன். ஒரு வருசம் ஆகுது, கோடு வரவேயில்லை. வேற யாருக்கும் இப்படி நடந்ததோ?

பிரம்ரனிலிருந்து:

அக்கா, நான் பதினொரு வருசமாக இந்த வேலைதான் செய்கிறேன். அந்த ஆள் அளக்காமல் போர்ட் என்று சொன்னது எனக்குக் கோபமாக இருக்கு. அளக்க இரண்டு நிமிடம் போதும்.

எஃப் 3 என்றால் எல்லா ஸ்டோவிலும் ஒரே அர்த்தம் இல்லை. கீழ் லாச்சியைக் கழற்றிப் பாருங்கோ, இல்லாட்டிப் பின்தகட்டுக்குள்ளே பாருங்கோ. பல ஸ்டோவ்களில் மடித்த தாள் ஒன்று ஒட்டியிருக்கும். அந்த ஸ்டோவின் கோடுகளும் ஓம் அட்டவணையும் வயர் படமும் அதில் இருக்கும். அதைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கோ.

கோடே வராத வருத்தம் இதைவிடப் பொல்லாதது. ஒரு அம்மா வீட்டில் பாண் ஒரு வருசமாக வெளிறித்தான் வந்தது. அதைச் சமாளிக்க, அவணின் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற செற்றிங்கில் அவ கடைசியில் 35 ஃபரன்ஹைற் கூட்டி வைத்திருந்தா. சென்சர் மட்டும் 1086, போர்ட் முனையில் அளந்தால் 1146. இடையில் துருப்பிடித்த இணைப்பு ஒன்று 60 ஓம் சேர்த்திருக்கிறது. ஒரு செல்சியஸுக்கு 3.85 ஓம் என்றால், 60 ஓமுக்குக் கிட்டத்தட்ட 16 செல்சியஸ். அவண் 28 ஃபரன்ஹைற் கூடச் சூடாக இருக்கு என்று போர்ட் நம்பி, முந்தியே நிற்பாட்டிவிடும். அந்த இணைப்பை மாற்றின பிறகு, கூட்டி வைத்த 35ஐயும் பூச்சியத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். மறந்திருந்தால் அடுத்த பாண் கருகியிருக்கும்.

போர்ட் பழுதாவதே இல்லை என்று சொல்லவரவில்லை. போர்ட் முனையில் எண் சரி, வயரை ஆட்டினாலும் சரி, சூடாக இருக்கும்போதும் சரி, அப்படியும் கோடு வந்தால் அது போர்ட். அளக்கும்போது பிளக்கைப் போர்ட்டிலிருந்து கழற்றியே ஆகவேணும். மாட்டியபடி அளந்தால் போர்ட்டும் சேர்ந்து பொய் எண் காட்டும்.

நியூ ஜெர்சியிலிருந்து:

எங்க வீட்டுல கேஸ் ஓவன். சென்சார் நிஜமாவே போயிருந்துச்சு, ரெண்டு முனைக்கு நடுவுல தொடர்பே இல்ல. ஆன்லைன்ல வாங்கினதுக்குப் பிளக் பொருந்தல. வெட்டி, வீட்டு வயரிங்குக்குப் போடுற சாதாரணப் பிளாஸ்டிக் மூடி ரெண்டைப் போட்டு முறுக்கிட்டேன். ரெண்டாவது தடவை ஓவன் போட்டப்பவே தீய்ஞ்ச வாடை. பின்னாடி திறந்து பார்த்தா மூடி உருகி வயர்மேல வழிஞ்சிருக்கு. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க, நினைச்சா இப்பவும் நெஞ்சு பதறுது. ஸ்காபரோ அக்கா சொன்ன செராமிக் மூடியைத் தயவுசெய்து எல்லாரும் கவனிங்க, அது சில டாலர்தான். கேஸ் ஸ்டவ்வை முன்னாடி இழுக்கும்போது பின்னாடி இருக்கிற குழாய் மடங்காம ஒருத்தர் பார்த்துக்கணும்.

ஸ்காபரோவிலிருந்து:

தம்பி, செற்றிங்கைப் பற்றிச் சொன்னீங்களே, போய்ப் பார்த்தேன். இவர் எப்பவோ 10 கூட்டி வைத்திருக்கிறார், இப்ப பூச்சியம். ஒன்றை நான் எழுத மறந்திட்டேன். ஸ்டோவைத் திரும்பத் தள்ளும்போது பின்கால் தரையிலிருக்கிற கொளுக்கிக்குள் போய் மாட்டவேணும். மாட்டாவிட்டால், திறந்த கதவில் பிள்ளை ஏறினால் ஸ்டோவ் முன்னுக்குச் சரியும். தள்ளின பிறகு ஸ்டோவின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் முன்னுக்குச் சாய்த்துப் பாருங்கோ, கொளுக்கி பிடித்திருந்தால் கால் கொஞ்சந்தான் எழும்பும்.