காற்றுப்பை ஹிட்ச் மாட்டினால் முன்பின் உலுக்கல் "முற்றிலும்" நின்றுவிடுமாம்!

கிங்பின் மாமா:
புதிதாக ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (ட்ரக்கின் பின்புறத் திறந்த தளமான பெட்டில் கோர்த்து இழுக்கும் பெரிய டிரெய்லர்) வாங்கிய ஒருவருக்கு ஹூஸ்டன் சாரதி அவர்கள் இந்த மன்றத்தின் வேறோர் இழையில், "காற்றுப்பை ஹிட்ச் ஒன்றை மாட்டிவிடுங்கள், முன்பின் உலுக்கல் முற்றிலும் நின்றுவிடும், ரப்பர் பின்பாக்ஸ் வாங்குவதெல்லாம் வீண் செலவு" என்று அருள்வாக்குச் சொல்லியிருக்கிறார். அந்த இழை பூட்டப்பட்டுவிட்டதால் என் மறுப்பை இங்கே எழுதுகிறேன். புதியவர்களுக்கு: டிரெய்லரின் மூக்கில் கீழ்நோக்கி நிற்கும் இரும்பு முளை கிங்பின், அதைத் தாங்கும் பெட்டி பின்பாக்ஸ், ட்ரக்கின் பெட்டில் நின்று கிங்பின்னைக் கவ்வுவது ஹிட்ச். டிரெய்லர் ட்ரக்கை முன்னும் பின்னும் தள்ளி இழுப்பதே முன்பின் உலுக்கல்.

அந்த ஹிட்ச்சைக் குனிந்து பார்த்தவர்களுக்கு அதன் அமைப்புத் தெரியும். கிங்பின்னைக் கவ்வும் தலை ஓர் இரும்புக் கையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கையின் ஒரு முனை கீலில் சுழல்கிறது, மறுமுனைக்கு அடியில் காற்றுப்பையும் ஷாக் அப்சார்பர்களும் நிற்கின்றன. ஆகவே தலை மேலும் கீழும்தான் போக முடியும். கீலிலிருந்து தலை வரை 15 அங்குலம் என்று கொள்வோம். மட்டமாக நிற்கும் அந்தக் கை 1 அங்குலம் உயர்ந்தால், தலை முன்பின்னாக நகர்வது ஏறத்தாழ 0.03 அங்குலம், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பன்னிரண்டாயிரம் பவுண்டு டிரெய்லர் பின்னாலிருந்து முட்டுவதை இந்த 0.03 அங்குலம் எப்படி உள்வாங்குகிறது என்பதை அவர் விளக்க வேண்டும்.

ஹூஸ்டன் சாரதி:
மாமா அவர்களுக்கு வணக்கம். என் பெயரைத் தலைப்பிலேயே போடாமல் விட்டதற்கு நன்றி.

லூயிசியானாவில் பேட்டன் ரூஜுக்கும் லஃபாயெட்டுக்கும் இடையே ஐ-10 நெடுஞ்சாலையில் 1973 முதல் போக்குவரத்தில் இருக்கும் அச்சஃபலாயா பாலத்தில் நீங்கள் டிரெய்லர் இழுத்திருக்கிறீர்களா? ஏறக்குறைய 18 மைல் நீளத்துக்குக் கான்கிரீட் பலகைகளின் இணைப்புகள் ஒரே சீரான இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும். பழைய ஹிட்ச்சோடு அதில் போகும்போது இருக்கையின் முதுகு என்னைத் தள்ளிக்கொண்டே வந்தது. காற்றுப்பை ஹிட்ச்சுக்கு மாறிய பிறகு அதே பாலத்தில், அதே டிரெய்லரோடு, என் மனைவி தூங்குகிறார்.

உங்கள் கணக்குக்கே வருகிறேன். கிங்பின் சாலையிலிருந்து ஏறத்தாழ 4 அடி உயரத்தில் இருக்கிறது. டிரெய்லரின் அச்சுகளோ அதற்கு வெகு கீழே இருக்கின்றன. ட்ரக்கின் பின்பகுதி பள்ளத்தில் இறங்கி எழும்போது டிரெய்லர் தன் அச்சுகளைச் சுற்றி மூக்கை ஆட்டுகிறது. மேலும் கீழுமாகப் பிறந்த அந்த ஆட்டமே உயரத்தில் இருக்கும் கிங்பின்னில் முன்பின் இழுப்பாக மாறுகிறது. பிறக்கிற இடத்திலேயே அதை அடக்கினால் முன்பின் உலுக்கல் எங்கிருந்து வரும்? தலை எவ்வளவு நகர்கிறது என்று அளந்துகொண்டிருப்பது, தலைவலிக்காரனின் செருப்பு அளவைக் கேட்பது போன்றது.

புதுவண்டி:
இருவருக்கும் நன்றி. அந்த இழையில் கேட்டவன் நான்தான். என் டிரெய்லரின் மொத்த எடை வரம்பு 12,000 பவுண்டு. ட்ரக்கின் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள மஞ்சள் ஸ்டிக்கர் 2,900 பவுண்டு பேலோட் (ட்ரக்கின் மேல் ஏற்றக்கூடிய எடை) என்று சொல்கிறது. பெட் 6½ அடி. எந்த ஹிட்ச் வாங்குவது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கிங்பின் மாமா:
ஹூஸ்டன் சாரதி பாலத்தின் வரலாற்றைச் சொன்னார், மனைவியின் தூக்கத்தைச் சொன்னார், 0.03 அங்குலத்துக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. பள்ளத்தில் மூக்கு ஆடுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரேக் போடும்போது வரும் முட்டலும், புறப்படும்போது வரும் வெட்டிழுப்பும் எந்தப் பள்ளத்தில் பிறக்கின்றன? அவை கிடைமட்டத்தில் பிறந்து கிடைமட்டத்திலேயே ட்ரக்கைத் தாக்குகின்றன. மோர்ரைட் நிறுவனத்தின் பின்பாக்ஸில் ரப்பர் கட்டைகள் முன்பின்னாக வளைந்து கொடுக்கும்படி பொருத்தப்பட்டிருப்பது அதற்காகத்தான். லிப்பர்ட் நிறுவனத்தின் ரோட்டா ஃப்ளெக்ஸ் பின்பாக்ஸிலும் ரப்பர்தான் வேலை செய்கிறது. இவற்றையெல்லாம் வீண் செலவு என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியுமென்றால் பொறியாளர்கள் எதற்கு?

புதுவண்டி தம்பிக்கு: கிங்பின் மேல் இறங்கும் எடை பொதுவாக டிரெய்லர் எடையில் 15 முதல் 25 விழுக்காடு வரை இருக்கும். 20 என்று கொண்டால் உங்களுக்கு 2,400 பவுண்டு. காற்றுப்பை ஹிட்ச் 200 பவுண்டுக்குக் குறையாது என்று கொள்ளுங்கள். ஆட்களும் சாமான்களும் 400 பவுண்டு. கூட்டினால் 3,000, உங்கள் ஸ்டிக்கரோ 2,900. ஹூஸ்டன் சாரதியின் பேச்சைக் கேட்டு வாங்கியிருந்தால் வீட்டு வாசலிலேயே வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். ஆண்டர்சனின் அலுமினிய ஹிட்ச் சுமார் 40 பவுண்டுதான். அதற்காக அதை வாங்கச் சொல்லவில்லை. அது கிங்பின்னை நேராகக் கவ்வாமல் பந்தின் மேல் உட்கார்வது என்பதால் அதற்கென்று தனிச் சண்டைகள் உண்டு.

அல்பேர்ட்டா அண்ணன்:
இருவரும் ஹிட்ச்சையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். உங்களில் ஒருவராவது டிரெய்லரின் அடியில் படுத்துப் பார்த்ததுண்டா? லீஃப் ஸ்பிரிங்கின் (வில்பட்டையின்) முனை வளையமான கண்ணுக்குள் பெரும்பாலான தொழிற்சாலைகள் வைத்து அனுப்புவது நைலோன் புஷ், அதாவது போல்ற்றைச் சுற்றி நிற்கும் உறை. அது தேய்ந்ததும் போல்ற் இரும்பைத் தின்னத் தொடங்குகிறது. எனது டிரெய்லரைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றியபோது, ஸ்பிரிங்கைத் தாங்கும் இணைப்புப் பட்டையான ஷேக்கிலின் ஓட்டை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் நீண்டிருந்தது. புஷ் இருந்த இடத்தில் வெள்ளைத் துருவல்தான் மிச்சம். அச்சே முன்னும் பின்னும் நகர்கிற வண்டிக்கு நீங்கள் எந்த ஹிட்ச்சைப் பூட்டினாலும் உலுக்கல் வரத்தான் செய்யும். வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் ஏற்றக்கூடிய போல்ற்றும் போட்டுவிட்டு, டிரெய்லர் பிரேக்கின் கெயினை (பிரேக் பிடிக்கும் வலிமையின் அளவை) சரிசெய்துவிட்டு, அதன்பிறகும் உலுக்கினால் ஹிட்ச்சைப் பற்றிப் பேசுங்கள்.

இன்னொன்று. எங்கள் மாகாணத்துக் குளிரில் றப்பர் இறுகிவிடும். மாமா அதைச் சொல்ல மாட்டார்.

ஹூஸ்டன் சாரதி:
அல்பேர்ட்டா அண்ணனுக்கு நன்றி, ரப்பர் இறுகும் என்பதை மட்டும் எல்லோரும் கவனிக்கவும்.

மாமா, உங்கள் எடைக் கணக்கில் ஒரு வசதியான மறதி இருக்கிறது. காற்றுப்பை ஹிட்ச் 200 பவுண்டு என்றீர்கள். அதற்குப் பதிலாக வைக்கும் சாதாரண இரும்பு ஹிட்ச் காற்றில் மிதக்குமா? அதுவும் நூறு பவுண்டைத் தாண்டக்கூடியதுதான். மேலும், தொழிற்சாலைப் பின்பாக்ஸைக் கழற்றிவிட்டு ரப்பர் பின்பாக்ஸைப் பூட்டினால் கூடும் எடை எங்கே போய் இறங்கும்? டிரெய்லரின் மூக்கில் இருப்பதால் பெரும்பகுதி கிங்பின் வழியாக அதே ட்ரக்கின் மேல்தான் இறங்கும். அந்த எடையை ஏன் கூட்டவில்லை?

கிங்பின் மாமா:
கூட்டவில்லை, ஏனென்றால் கேள்வி அதுவல்ல. கேள்வி 0.03 அங்குலம்.

அல்பேர்ட்டா அண்ணன் குளிரைப் பற்றிச் சொன்னார். குளிரில் காற்றுப்பைக்குள் அழுத்தம் ஏறுமா, இறங்குமா என்பதை அவரே சொல்லட்டும். அழுத்தம் இறங்கினால் கை தடுப்பில் போய் உட்கார்ந்துவிடும். அதன்பிறகு அது விலையுயர்ந்த சாதாரண ஹிட்ச். வேண்டியதைவிட அதிகமாகக் காற்றடித்தால் மேலே முட்டிக்கொண்டு நிற்கும், அதுவும் அப்படியே. கோர்த்து முடித்து முழு எடையும் இறங்கிய பிறகு, கை குறித்த உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்தே காற்றடிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால், அது டிரெய்லரில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து மூக்கின் எடை மாறும். மறுபடியும் பார்க்க வேண்டும். வெயிலில் குனிந்து அந்தக் குறியைப் பார்ப்பவர் எத்தனை பேர்? ரப்பருக்கு இந்தப் பணிவிடை எதுவும் தேவையில்லை. அதன் எடை வகுப்பைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். கனமான டிரெய்லருக்கான ரப்பரை இலேசான டிரெய்லருக்குப் போட்டுவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று புலம்புகிறவர்களை நான் கணக்கில் எடுப்பதில்லை.

சிலர் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: ரீஸ் நிறுவனத்தின் கூஸ் பாக்ஸிலும் காற்றுப்பை இருக்கிறது, ஷாக் அப்சார்பர் இருக்கிறது. அது பின்பாக்ஸின் இடத்திலேயே பூட்டப்பட்டு, பெட்டில் இருக்கும் கூஸ்நெக் என்னும் இரும்புப் பந்தின் மேல் இறங்குவதால் ஹிட்ச்சின் எடை மிச்சமாகிறது. பெட்டும் காலியாகக் கிடக்கிறது. ஆனால் பற்றுமிடம் கீழே போய்விடுவதால் டிரெய்லரின் சட்டத்தின் மேல் நெம்பும் விசை கூடுகிறது. இப்படிக் கீழ்நோக்கி நீளும் எதை மாட்டினாலும் சட்டத்தைச் செய்தவரின் உத்தரவாதம் நிற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அல்பேர்ட்டா அண்ணன்:
அழுத்தம் இறங்கும். ஆனால் இறங்கிய காற்றை நிமிடத்தில் நிரப்பிவிடலாம். இறுகிய றப்பரை என்ன செய்வது, கம்பளி போர்த்துவதா? புஷ்ஷைப் பற்றி நான் எழுதியதற்கு ஒருவரும் பதில் எழுதவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

புதுவண்டி:
மன்னிக்கவும், என் பெட் 6½ அடிதான் என்பதால், கூர்மையாகத் திரும்பும்போது டிரெய்லரின் மூலை கேபினில் இடிக்குமா என்பதுதான் எனக்குப் பெரிய பயம். காற்றுப்பை வைத்த ஹிட்ச் தானாகப் பின்னோக்கி நகருமா?

ஹூஸ்டன் சாரதி:
தம்பி, காற்றுப்பைக்கும் அதற்கும் தொடர்பில்லை. தானாக நகர்வது புல்ரைட் நிறுவனத்தின் சூப்பர் கிளைட் போன்ற ஹிட்ச்சுகள். உங்கள் டிரெய்லரின் மூக்கு எவ்வளவு வளைவாக இருக்கிறது என்று தெரியாமல் இடிக்கும், இடிக்காது என்று சொல்ல மாட்டேன். சிலரைப் போல ஒரே எண்ணை வைத்துக்கொண்டு உலகத்தை அளப்பவன் அல்ல நான்.

மாமாவுக்கு ஒன்று. டயர் அழுத்தம் பற்றிய இழையில், பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் 80 பிஎஸ்ஐ வெறும் பரிந்துரைதான் என்று மூன்று பக்கம் வாதாடியவர் நீங்கள். அன்றைக்கு உங்களிடம் எடைமேடைச் சீட்டைக் கேட்டோம். இன்றுவரை வரவில்லை. பிறருடைய ஸ்டிக்கரைக் கூட்டிக் கழிக்கும் முன் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.

கிங்பின் மாமா:
டயர் இழையை இங்கே இழுத்து வருவதிலிருந்தே தெரிகிறது, ஹிட்ச்சைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை என்று. அந்த இழையில் நான் சொன்னது எடைக்கேற்ற அழுத்த அட்டவணையைப் பற்றி. அதைப் படிக்காமலே கை தட்டியவர்கள் பெயர்கள் எனக்கு நினைவிருக்கின்றன, அல்பேர்ட்டா அண்ணன் உட்பட.

எடைமேடைச் சீட்டைத் தாராளமாகப் போடுகிறேன். லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) எடைமேடையில் ட்ரக்கின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் சீட்டு அது. ஆனால் முதலில் ஹூஸ்டன் சாரதி தன் ஹிட்ச்சின் கையைக் கீலிலிருந்து தலை வரை அளந்து போடட்டும். பதினைந்து அங்குலம் இல்லை, பன்னிரண்டுதான் என்றால் கணக்கை மாற்றிக் கொடுக்கிறேன், அப்போது 0.04 வரும்.

ஹூஸ்டன் சாரதி:
சீட்டு முதலில். அளவு பிறகு.