கார்த்திகை மாதத்தில் ஒரு வான்கோழி விருந்து

தோழிகளுக்கு வணக்கம். முதல் தடவையாக வீட்டில் தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்காவில் நவம்பரில் வரும் நன்றி சொல்லும் நாள்) விருந்து வைக்கப் போகிறேன், எந்த நாளில் வேலையை ஆரம்பிப்பது என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிடுங்கள். வியாழன் விருந்துக்கு ஞாயிறே எதற்கு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நாங்கள் இருப்பது மினசோட்டாவில். வான்கோழி அதிகம் வளர்க்கும் மாநிலம் என்பதால் நவம்பர் வந்தால் கடையில் உறைந்த வான்கோழி மலை மாதிரி குவிந்து கிடக்கும். முதல் வருடம் செவ்வாய்க்கிழமை ராத்திரி 14 பவுண்டு எடையில் ஒன்று வாங்கி வந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். ஊரில் கோழி வாங்கி வந்த அரை மணியில் குழம்பு கொதிக்கும். ஒன்றரை நாள் தாராளமாகப் போதும் என்று நினைத்துவிட்டேன். வியாழன் காலை எட்டு மணிக்கு வயிற்றுக்குள் கையை விட்டால் விரல் நுனி பனிக்கட்டியில் போய் முட்டியது. கழுத்து, ஈரல் எல்லாம் உள்ளே ஒரு காகிதப் பையில் வைத்திருப்பார்கள். அந்தப் பை விலா எலும்போடு ஒட்டிக் கல்லாகக் கிடந்தது. பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாடு என்று எட்டுப் பேரை அழைத்திருந்தேன்.

கணக்கு இதுதான். ஃப்ரிட்ஜில் வைத்து உருக்க 4 முதல் 5 பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும். என் பறவைக்கு முழுதாக மூன்று நாள் தேவை. பச்சைத் தண்ணீரில் முக்கி வைத்தால் பவுண்டுக்கு அரை மணி, அதுவும் அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். அப்படிப் பார்த்தாலும் ஏழு மணி நேரம். இரண்டுக்குமே நேரமில்லை. கை நடுங்கப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு போன் செய்தேன். நார்வேயிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர், எண்பதை நெருங்குகிறார். பூட்ஸில் பனியோடு வாசலில் வந்து நின்றவர், பறவையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "அப்படியே ஓவனில் வை. நேரம்தான் கூட ஆகும், வேறொன்றும் கெட்டுப்போகாது" என்றார். 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தோம். இரண்டு மணி நேரம் கழித்து இளகியதும் இடுக்கியால் அந்தப் பையை அவரே வெளியே எடுத்தார். இரண்டரை மணிக்குச் சாப்பிட்டோம். முழுக்க உறைந்த வான்கோழியைக்கூட இப்படி வேகவைக்கலாம், வழக்கமான நேரத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஆகும் என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பாட்டி அன்றைக்கு வராமலிருந்தால் அடுத்த வருடம் நான் இந்த வேலையைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

2023இல் என் மாமியார் வந்திருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், அவர் கறிக்குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டால் கவுச்சியைத் தொட மாட்டார். தேங்க்ஸ்கிவிங் நவம்பரின் நான்காவது வியாழன், அதாவது 22க்கும் 28க்கும் இடையில். கார்த்திகையோ 16, 17 வாக்கிலேயே பிறந்துவிடுகிறது. எந்த வருடமானாலும் இந்த விருந்து கார்த்திகைக்குள்தான் விழும். அந்த வருடம் 23ஆம் தேதி விருந்து, 26ஆம் தேதி ஞாயிறு திருக்கார்த்திகை தீபம். எனக்கு மனசு கேட்கவில்லை. "இந்த வருசம் வான்கோழி வேண்டாம்னு விட்டுரட்டுமா அத்தை?" என்றேன். "வர்றவுகளுக்கு ஆக்கிப் போடாம என்ன விரதம்? நீ உன் சட்டியில ஆக்கு, நான் என் சட்டியில ஆக்குறேன்" என்று சொல்லிவிட்டார்.

அப்படி இரண்டு சட்டியாகப் பிரித்த பிறகுதான் இந்த விருந்தில் கறி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதே தெரிந்தது. சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் பரப்பும் மார்ஷ்மல்லோவில் ஜெலட்டின். ரொட்டித்துண்டு, செலரி, வெங்காயம் சேர்த்துச் செய்யும் ஸ்டஃபிங்கில் கோழிச்சாறு. கடையில் வாங்கும் பை மாவு சிலவற்றில் பன்றிக்கொழுப்பு. சைவக்காரர்கள் வருவதாக இருந்தால் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் படியுங்கள். கிழங்குக்கு நான் வெல்லமும் நெய்யும் சுக்குப்பொடியும் போட்டேன், மார்ஷ்மல்லோவை யாரும் தேடவில்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். பாட்டி வருடாவருடம் லெஃப்ஸா என்ற உருளைக்கிழங்கு ரொட்டி செய்வார். நார்வே வழியில் வந்த வீடுகளில் அது இல்லாமல் இங்கே நவம்பரும் இல்லை, டிசம்பரும் இல்லை. வேகவைத்த உருளைக்கிழங்கைச் சேவை நாழி மாதிரி ஒன்றில் பிழிந்து, வெண்ணெயும் கிரீமும் உப்பும் சேர்த்து ராத்திரி முழுக்கக் குளிர வைப்பார்கள். காலையில் மைதாவைச் சேர்த்து உடனே தேய்க்க வேண்டும், தாமதித்தால் மாவு தண்ணீர் விட்டுக்கொள்ளும். அந்த வருடம் பாட்டிக்கு மூட்டுவலி முற்றி விரல்கள் மடங்கவில்லை. துணி போர்த்திய வட்டப் பலகை, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய குழவி, நீளமான தட்டைக் குச்சி எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டார். தேய்க்கப்போவது நான் என்றுதான் நினைத்திருந்தேன். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழவியை வாங்கிக்கொண்டார்.

முதல் லெஃப்ஸா கிழிந்தது. சப்பாத்தி மாவுக்கு இருக்கிற இழுவை இதற்குக் கிடையாது, அழுத்தினால் பிளந்துவிடும். பாட்டி தன் கையை அத்தையின் கைமேல் வைத்து எவ்வளவு லேசாகத் தள்ள வேண்டும் என்று காட்டினார். மெதுவா, மெதுவா என்று அத்தை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டாவது, பலகைத் துணியின் நெசவு தெரிகிற அளவுக்கு மெலிசாக வந்தது. குச்சியை நடுவில் நுழைத்துத் தூக்கி, வட்டக்கல்லின் மேல் பாய் விரிப்பது போல உருட்டிப் போட வேண்டும். அரை நிமிஷத்தில் காசு காசாகச் செம்புள்ளி விழும், உடனே திருப்பி எடுத்துத் துணிக்குள் மூடிவிட வேண்டும். சூட்டோடு வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவிச் சுருட்டிக் கொடுத்ததும் அத்தை, "பூரணம் வைக்காத போளி" என்றார். அன்றைக்கு நாற்பது போட்டார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது, நானும் பாதி நேரம் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பாட்டி மாவை உருட்டிக் கொடுக்க, அத்தை தேய்க்க, வேலை ஓடிக்கொண்டிருந்தது.

வான்கோழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் போட்டுக் கழுவும் பழக்கத்தை இதற்கு மட்டும் விட்டுவிடுங்கள். தெறிக்கும் தண்ணீர் தொட்டி, மேடை எல்லாவற்றிலும் கிருமியைப் பரப்பும். காகிதத் துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும். உப்புத்தண்ணீர் ஏற்றிய பறவையா என்று அட்டையில் பாருங்கள், அப்படியென்றால் மேற்கொண்டு உப்பில் ஊறவைக்காதீர்கள். நான் வெண்ணெயோடு இஞ்சி, பூண்டு, மிளகு, சோம்பு அரைத்துத் தோலுக்கு அடியில் கை நுழைத்துத் தடவுவேன். மார்பிலும் தொடையிலும் எலும்பைத் தொடாமல் தெர்மாமீட்டரைக் குத்தி 165 டிகிரி காட்டினால்தான் வெந்தது. வெளியே எடுத்து அரை மணி நேரம் சும்மா வைக்க வேண்டும், அப்போதுதான் வெட்டும்போது சாறு ஓடாது. ஒரே ஓவன் உள்ளவர்களுக்கு அந்த அரை மணிதான் பொன். பீன்ஸ் கேசரோலும் கிழங்கும் அந்த நேரத்தில் உள்ளே போகும்.

அத்தையின் சட்டியில் காட்டரிசி வெந்தது. மினசோட்டா ஏரிகளில் விளையும் இந்த அரிசியை ஒஜிப்வே பூர்வகுடி மக்கள் மனோமின் என்பார்கள். படகில் போய்க் குச்சியால் தட்டி உதிர்த்து, விறகுத்தீயில் வறுத்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள், வேகும்போது லேசான புகை வாசனை வரும். காளான், வெங்காயம், மிளகு, சீரகம், நெய் சேர்த்துக் கிட்டத்தட்ட வெண்பொங்கல் பக்குவத்தில் இறக்கினார். என் மகள் அதைப் பரிமாறிக்கொண்டே தேங்க்ஸ்கிவிங்கின் தொடக்கம் என்று சொல்லப்படும் விருந்தைப் பற்றி, 1621இல் பிளிமத்தில் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் வைத்ததைப் பற்றிச் சொன்னாள். வாம்பனோவாக் பூர்வகுடி மக்கள் சுமார் 90 பேர் வந்து, ஐந்து மான்களையும் கொடுத்தார்களாம். அவர்கள் நிலம் அப்புறம் என்ன ஆனது என்பதையும், 1970 முதல் பூர்வகுடிகள் பலர் இதே நாளைப் பிளிமத்தில் துக்க நாளாக அனுசரிப்பதையும் அவளே சொன்னாள். மேஜையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டு சாப்பிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

சூடான தட்டோடு பறவையை நான் தூக்கிக்கொண்டு நடந்தபோது பின்னாலிருந்து பாட்டியின் குரல் கேட்டது. "மெதுவா, மெதுவா." அத்தை திரும்பிப் பார்த்து அப்படிச் சிரித்தார்.

மீந்தது மூன்று நான்கு நாள் ஃப்ரிட்ஜில் தாங்கும். எங்களுக்கோ ஞாயிறு தீபத்துக்குள் வீடு சுத்தமாக வேண்டும். விருந்துக்கு வந்த இரண்டு கல்லூரி மாணவர்களுக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை என் கணவர் பிரியாணி போட்டார், எலும்பை வேகவைத்து மிளகு ரசம் வைத்தார். சனிக்கிழமை அடுப்படியைக் கழுவிவிட்டோம். ஞாயிறு சாயங்காலம் ஜன்னல் ஓரம் அகல் ஏற்றினோம். பொரி உருண்டை வாங்கிக்கொள்ளப் பாட்டியும் வந்தார்.

*

ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன் அக்கா. எங்களுக்குக் கனடாவில் இது ஒக்டோபர் இரண்டாவது திங்கள். 1957இல் இருந்து அப்படித்தான். உங்களுக்குக் கார்த்திகை மாதிரி எங்களுக்கு நவராத்திரி குறுக்கே வரும். 2021இல் சரியாக அதற்குள்ளேயே விழுந்தது. அம்மம்மா கொலு வைத்திருந்த வீட்டில் மச்சம் சமைக்க ஏலாது. அந்த வருசம் முழுப் பூசணிக்காய் ஒன்றைக் குடைந்து, உள்ளுக்குள் மரக்கறிச் சோறு அடைத்து ஓவனில் வைத்தேன். வெட்டிப் பரிமாறும்போது பிள்ளைகள் வான்கோழியைக் கேட்கவே இல்லை.

மற்ற வருசங்களில் வான்கோழிக்கு எங்கட வறுத்த கறித்தூள், உள்ளி, இஞ்சி, பெருஞ்சீரகம், தேசிக்காய்ப்புளி எல்லாம் சேர்த்து முதல் நாளே பிரட்டி வைப்பேன். மார்பு இறைச்சி காய்ந்து போகாமல் இருக்கக் கடைசி ஒரு மணித்தியாலம் வரைக்கும் ஈயத்தாளால் மூடி வைப்பேன். அடுத்த நாள் கொத்துரொட்டிதான். மீந்த இறைச்சியைப் பிய்த்துப் போட்டு, லீக்ஸ், முட்டை, குழம்பு விட்டுக் கொத்தினால் விருந்தைவிட அதற்குத்தான் வீட்டில் சண்டை. உங்கட லெஃப்ஸாவை வாசித்ததும் என் அம்மம்மாவின் ரொட்டிப் பலகை ஞாபகம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்து வரும்போது உடுப்பைக் குறைத்துவிட்டு அந்தப் பலகையைக் கொண்டுவந்தவர்.

*

நியூ ஜெர்சியிலிருந்து. எங்கள் வீட்டில் முழுச் சைவம், ஆனாலும் இருபது வருடமாகத் தேங்க்ஸ்கிவிங் வைக்கிறோம். அந்தப் பீன்ஸ் கேசரோல் எங்கள் மாநிலத்துப் பண்டம் தெரியுமா? 1955இல் கேம்டனில் கேம்பெல் சூப் நிறுவனத்தின் சமையல்கூடத்தில் டார்கஸ் ரைலி என்ற பெண்மணி உருவாக்கியது. வீட்டில் எப்போதும் கிடக்கிற பீன்ஸையும் காளான் சூப் டப்பாவையும் வைத்தே ஒரு பதார்த்தம் செய்யப் பார்த்திருக்கிறார். பொரித்த வெங்காயத்தைக் கடைசி ஐந்து நிமிஷம் மேலே தூவுங்கள், முன்னாலேயே போட்டால் நமுத்துவிடும்.

எனக்கு ஒரு சந்தேகம். கிரான்பெர்ரியைச் சர்க்கரைப்பாகில் போட்டால் எங்கள் மாமனார் தொடுவதில்லை. யாராவது தொக்கு செய்திருக்கிறீர்களா?

*

செய்திருக்கிறேன், வருடாவருடம் செய்வதுதான். 12 அவுன்ஸ் பை ஒன்றுக்கு ஐந்தாறு கரண்டி நல்லெண்ணெய் காயவைத்துக் கடுகு, பெருங்காயம் தாளித்துப் பழத்தை அப்படியே போடுங்கள். பட் பட்டென்று வெடிக்கும், தட்டால் மூடிக்கொள்ளுங்கள். எல்லாம் வெடித்து ஓய்ந்ததும் மசித்து, மிளகாய்த்தூள் மூன்று டீஸ்பூன், மஞ்சள்தூள், உப்பு. புளி வேண்டவே வேண்டாம், களாக்காயைவிடப் புளிப்பு. எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை கிளறி, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரை டீஸ்பூனும் நெல்லிக்காய் அளவு வெல்லமும் போட்டு இறக்குங்கள். திங்கட்கிழமை செய்தால் வியாழனுக்குள் நன்றாக ஊறிவிடும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி அதை லெஃப்ஸாவில் தடவிச் சாப்பிடுகிறார். இந்த வருடம் இரண்டு பாட்டில் கேட்டிருக்கிறார்.