லேப் ரிப்போர்ட் ஏபிஐ: எல்லாம் பெயர்–மதிப்பு ஜோடியா, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபீல்டா?

கேட்டவர்:
வணக்கம். நாலு லேப்களிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவுகளை வாங்கும் ஏபிஐ (மென்பொருள்கள் தங்களுக்குள் தரவு பரிமாறும் வழி) எழுதினேன். பரிசோதனைகள் இருநூறுக்கு மேல். தனித்தனி ஃபீல்டு வைத்தால் மாதம் ஒரு வெர்ஷன் விட வேண்டிவரும் என்று பயந்து, எல்லாவற்றையும் பெயர், மதிப்பு என்று ஒரே பட்டியலாக்கி, இரண்டையும் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக வைத்தேன். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் எச்சரிக்கை காட்ட வேண்டும். போன வாரம் 9.8 வந்தது, காட்டவில்லை. 7.2-க்கும் காட்டவில்லை! வரம்பும் கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பிலிருந்து ஸ்ட்ரிங்காகத்தான் வருகிறது. பேசாமல் தனி ஃபீல்டாக மாற்றிவிடவா?

பதில் 1:
ஸ்ட்ரிங் என்றால் எழுத்து எழுத்தாகத்தான் ஒப்பிடும். 1-ஐவிட 9 பெரிது, அதோடு கதை முடிந்தது. நம்பராக்கி ஒப்பிடுங்கள், எச்சரிக்கை வந்துவிடும். அது சரி, நாலு லேபும் ஒரே பெயரில், ஒரே அலகில்தான் அனுப்புகிறார்களா?

கேட்டவர்:
இப்போதுதான் பார்த்தேன். ஹெச்பி, ஹெச்ஜிபி, ஹீமோகுளோபின் என்று மூன்று பெயர். ஒரு லேப் லிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில் 98 அனுப்பியிருக்கிறது. மற்றவர்கள் டெசிலிட்டருக்கு. நம்பராக்கினாலும் இது தப்பித்துவிடும்!

பதில் 2:
இருநூறு ஃபீல்டு வேண்டாங்க. மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்கு எச்எல்7 அமைப்பு வகுத்த ஃபயர் (FHIR) தரத்தைப் பாருங்கள். எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாமே அப்சர்வேஷன் என்ற ஒரே வடிவத்தில் போகும். பொது வடிவம்தான், ஆனால் தொளதொள இல்லை. என்ன பரிசோதனை என்பதற்குக் குறியீடு உண்டு. ரத்த ஹீமோகுளோபினுக்கு லாயிங்க் (LOINC, பரிசோதனைகளுக்கான பொதுக் குறியீட்டுத் தொகுப்பு) குறியீடு 718-7. மதிப்பு எண்ணாகவே வரும், அலகு தனி. ரத்த அழுத்தத்தில் மேல் அளவும் கீழ் அளவும் தனித்தனி உறுப்பு. 120/80 என்று ஒட்டி அனுப்புவதில்லை. ஒன்று கவனியுங்கள்: ஃபயர் அலகைக் கட்டாயமாக்காது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

பதில் 1:
சரிதான். ஆனால் நோயாளி எண், மாதிரி எடுத்த நேரம் இதையெல்லாம் பட்டியலுக்குள் தள்ளாதீர்கள். உங்கள் கோடு எதைப் பார்த்து முடிவெடுக்கிறதோ, அதற்குத் தனி ஃபீல்டு, சரியான டைப்.

கேட்டவர்:
சில முடிவுகள் ‘0.5-க்குக் கீழே’ என்று வருகின்றனவே?

பதில் 2:
அதற்கும் வழி உண்டு. எண் 0.5, ஒப்பீட்டுக் குறி தனி ஃபீல்டில். ‘நெகட்டிவ்’ போன்றவற்றை எண்ணாக்க முயலாதீர்கள். அது குறியீடாகப் போகட்டும்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், நன்றி. அலகு இல்லாமல் வந்தால் 400 (கோரிக்கை தவறு என்ற பிழை எண்) போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். ஒரு லேபிலிருந்து அதற்குள் போன் வந்துவிட்டது.