குளவிக்கொட்டு பட்டவங்களத் தூக்கிட்டு வந்திருக்கீங்களா? மனசுல நிக்கிறத எழுதுங்க

மேட்டுலயம்:
பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டம், 7ஆம் நம்பர் மலை. கூடு எப்படிக் கலைஞ்சதுங்கிற கதை வேணாம், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அந்த அக்காவுக்கு முப்பது கொட்டு இருக்கும். வாய்க்கால் ஓரமாப் படுத்திருந்தாங்க, பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. "ஒன்னுமில்ல தம்பி, மூஞ்சியக் கழுவிக்கிறேன்"னு எழும்பப் பார்த்தாங்க. பக்கத்துல இருந்த ரெண்டு பேர் பாவம்னு கையப் பிடிச்சுத் தூக்கி விட்டாங்க. மூணு எட்டு. நாலாவது எட்டு வைக்கல, கண்ணு சொருகிடுச்சு.

பிரஷர் இறங்கின ஆளை எழுப்பி நிறுத்தினா ரத்தம் முழுக்கக் காலுக்குப் போயிடும், இதயத்துக்குத் திரும்பி வர ரத்தம் இருக்காது. மறுபடி படுக்க வச்சு, கொழுந்துக்கூடையக் கவுத்துப் போட்டு அதுமேல காலை வச்ச பிறகுதான் "தண்ணி"ன்னு வாய் திறந்தாங்க. கையப் பிடிச்சுத் தூக்கினது அன்பாலதான். அதுதான் இன்னும் உறுத்துது.

கவ்வாத்து:
தம்பி, கொடுக்கை எடுத்தாங்களா? அதை எழுதவே இல்லையே. நம்ம ஆட்கள் எல்லாத்தையும் குளவின்னுதான் சொல்வோம். ஆனா பெரிய மரத்துலயும் பாறையிலயும் பலகை மாதிரித் தொங்குற கூடு மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரா. அது கொட்டினா கொடுக்கு நஞ்சுப்பையோடு தோல்லயே நின்னுடும், ஒரு நிமிசத்துக்குள்ள பை காலியாகும். நிஜக் குளவி கொடுக்கை விடாது, ஒன்னே பலமுறை கொட்டும்.

மஸ்கெலியாவுல ஒரு பெரியவர் மடியில இருந்த கத்தியத் தேடிக்கிட்டே நின்னார், கத்தி முதுகாலதான் சுரண்டணுமாம். அவர் தேடி எடுக்கிறதுக்குள்ள நஞ்சு இறங்கி முடிஞ்சிருக்கும். நகமோ விரலோ, முதல்ல எது கிடைக்குதோ அதால இழுங்க. அதையும் கூடு பக்கத்துல நின்னுக்கிட்டுச் செய்யாதீங்க. கொட்டின இடத்துல வாழைப்பழ வாசம் மாதிரி ஒன்னு வரும், அதை மோந்துதான் மத்ததெல்லாம் அதே ஆளைத் தேடி வருது. சுண்ணாம்பு, வெங்காயம், பற்பசை பூசுறதுல பிரயோசனம் இல்ல.

பணியலயத்தான்:
எங்க டிவிஷன்ல ஒருத்தர். 55 வயசுல ஈ.பி.எஃப். சேமலாப நிதிக் காசை எடுத்துட்டு, வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில சும்மா உக்காந்திருந்த மனுசன். ஒரு நாள் சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்த ஆளு பாதி வழியில நழுவி விழுந்ததைப் பார்த்திருக்கார். அன்னையிலிருந்து லயத்து வீட்டு வரிசையோட தொங்கல்ல ரெண்டு கம்பு, ஒரு கம்பளி, ரெண்டு உரப்பை எப்பவும் இருக்கும். ஞாயித்துக்கிழமை காலையில கம்பளிய வெளிச்சத்துல விரிச்சு எலி கடிச்சிருக்கான்னு பார்ப்பார். அது அவரோட வேலை, அதுக்கு யாரும் சம்பளத்துக்குப் பேர் போடுறதில்ல.

கம்பளி மடிக்கிற விதம்: விரிச்சுப் போட்டு மூணுல ஒரு பங்கு தூரத்துல முதல் கம்பு, அந்தப் பங்கை அதுமேல மடிக்கணும். மடிச்ச ஓரம் ரெட்டையா இருக்கிற இடத்துல, ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ள தள்ளி ரெண்டாவது கம்பு. மிச்சத்தை அதுமேல போடணும். முடிச்சே வேணாம், ஆளோட பாரமே துணியப் பிடிச்சுக்கும். மழைன்னா 50 கிலோ உரப்பை ரெண்டு எடுத்து, அடி மூலை ரெண்டையும் வெட்டி கம்பைக் கோத்துடுவார். நாலு பேர் தூக்க, நாலு பேர் கூட வரணும். மாத்துறப்ப கீழ வைக்காம தோள் மாத்தணும்.

டிக்கோயா மழை:
இறக்கத்துல காலை முன்னால விட்டா கொண்டு போனீங்க? அப்படித்தான் எல்லாரும் சொல்லிக் கொடுக்கிறாங்க. ஆனா பிரஷர் இறங்கின ஆளுக்கு அப்போ தலை மேல, கால் கீழ. மேட்டுலயம் எழுதின அந்த அக்கா கதைதான் மறுபடி. படிக்கட்டுல முன்னால போறவங்க தோள் உசரத்துக்குத் தூக்கி, பின்னால இருக்கிறவங்க கையைத் தாழ்த்திப் பிடிச்சா படுக்கை மட்டமா நிக்கும். மூச்சு வாங்கினா மட்டும் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தலாம்.

இன்னொன்னு, பிரிட்டோன் குளிசை, அதான் அலர்ஜி மாத்திரை. அது அரிப்புக்குத்தான். நாக்கு தடிச்சு, குரல் மாறி, மயக்கம் வந்த ஆளுக்கு அட்ரினலின்தான் மருந்து. பெரிய ஆளுக்கு 0.5 மில்லிகிராம், தொடையோட வெளிப்பக்கத் தசையில. குணமில்லைன்னா 5 நிமிசத்துல இன்னொன்னு. அது டிஸ்பென்சரியில டாக்டரையா செய்ய வேண்டிய வேலை. நம்ம வேலை "குளிசை குடுத்தாச்சு"ன்னு நடுவழியில உக்காந்துடாம இருக்கிறது.

1990க்கு அடிச்சா சுவசெரிய ஆம்புலன்ஸ் காசில்லாம வரும், ஆனா லயத்து வாசலுக்கு வராது. எந்தச் சந்தி வரைக்கும் வேன் வரும்னு தெளிவாச் சொல்லி, அங்க ஒருத்தரை நிறுத்தணும். பள்ளத்துல சிக்னல் கிடைக்காது, ஒரு பொடியன கோயில் மேட்டுக்கு ஓட விடுங்க.

இஸ்தோப்பு:
நூறு கொட்டுக்கு மேல வாங்கின ஒரு அண்ணன். தூக்கிட்டு வந்தது இருபது பேர், வார்டுல ராத்திரி நின்னது ஒருத்தர். காலையில அந்த ஒருத்தர்தான் நர்ஸ் மிஸ்ஸிகிட்ட போத்தலைக் காட்டினார்: மூத்திரம் பால் போடாத பிளேன்டீ நிறத்துல இருந்துச்சு. நஞ்சு தசையக் கரைச்சு, அது சிறுநீரகத்துல போய் அடைக்குது. உடனே சேலைன் கூட்டினாங்க, ரத்தம் சோதிச்சாங்க. கொட்டு கூடுதலா இருந்தா ரெண்டு மூணு நாள் நிறத்தையும் அளவையும் பார்க்கணும். வீக்கம் வடிஞ்சிடுச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகாதீங்க. ஒவ்வாமையும் சில மணி நேரம் கழிச்சுத் திரும்பி வரலாம்.

கணக்கு:
கேட்கலைனாலும் சொல்றேன். ஒரு வீட்டுல நட்டஈடு கேட்டுப் போனப்ப "வேலை நேரமா, வேற நேரமா?"ன்னு ஒரே கேள்வி. கையில தாள் இல்ல, அவ்வளவுதான் கதை.

அன்னைக்கே டிஸ்பென்சரிப் புத்தகத்துல பேர், நேரம், மலை நம்பர் எழுத வைங்க. வேலைக்கு வந்தவங்க பேர் போடுற செக்ரோல்ல அன்னைக்குப் பேர் விழுந்திருக்கான்னு பாருங்க. பாதியில தூக்கிட்டுப் போனவருக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டிருப்பாங்க, அதுவும் அவர் வேலையில நின்னதுக்குச் சாட்சிதான், படம் எடுத்து வச்சுக்குங்க. ஆஸ்பத்திரி விடுறப்போ நோய் விவரம் எழுதின டயக்னோசிஸ் கார்ட் கேட்டு வாங்குங்க, "குளவி கொட்டு, வேலைத்தலம்"னு ரெண்டும் அதுல இருக்கணும். அடையாள அட்டையில ஒரு பேர், செக்ரோல்ல ஒரு பேர்னா அதைத் திருத்தாம எந்த மனுவும் நகராது. மலையில கூட இருந்த ரெண்டு பேரோட பேரையும் அன்னைக்கே குறிச்சு வைங்க, ஆறு மாசம் கழிச்சு அவங்க கொழும்புல வேலைக்குப் போயிருப்பாங்க. 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் நம்ம ஆட்களுக்கும் உள்ளதுதான். தொழிற்சங்கத் தலைவர்மார் பார்த்துக்குவாங்கன்னு இருந்துடாதீங்க. தூக்குற நாலு பேரோட, பேனா வச்ச ஒருத்தரும் போகணும்.

மேட்டுலயம்:
பணியலயத்தான் அண்ணே, அந்தக் கம்பு எத்தனை அடி? சவுக்கா மூங்கிலா?

பணியலயத்தான்:
ஏழு அடி. குட்டையா இருந்தா பின்னால தூக்குறவர் முழங்கால் நோயாளி தலையில இடிக்கும். மூங்கில்தான், பாரமில்ல. கணுவுக்குக் கணு தட்டிப் பாருங்க, சத்தம் மாறினா உள்ள வெடிச்சிருக்கு, அடுப்புக்குப் போட்டுடுங்க.