மறு: ஹார்பாக்டிஸ் பேரினத்துக்குத் தமிழ்ப் பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்ப்பள்ளிகளுக்கான பறவைப் பட்டியலில் ஹார்பாக்டிஸ் பேரினத்துக்கு, அதாவது ஆசியாவின் டிரோகன் (trogon) பறவைகளுக்கு, என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் ஓட்டு தீக்காக்கைக்குத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் ஹார்பாக்டிஸ் ஃபாசியேட்டஸுக்குத் தமிழில் ஏற்கெனவே வழங்கும் பெயர் அது, மலையாளத்திலும் அப்படியே. வழக்கில் ஒன்று இருக்கும்போது புதிதாக ஏன் உருவாக்க வேண்டும்? பேரினத்தில் இருக்கும் 10 இனங்களுக்கும் அதையே அடிச்சொல்லாக வைத்து, முன்னால் அடைமொழி சேர்த்தால் போதும்.

"இது காக்கையே இல்லையே" என்று அண்ணன் எழுதியிருந்தார். நீர்க்காகமும் காக்கைக் குடும்பம் இல்லைதான். அதை யாரும் மாற்றச் சொல்வதில்லை.

அக்கா சொன்ன "ஈரிருவிரலி" என்ற பெயர் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் முன்னே இரண்டு விரல், பின்னே இரண்டு விரல் என்பது மரங்கொத்திக்கும் குக்குறுவானுக்கும் உண்டு. அவற்றுக்குப் பின்னோக்கி இருப்பவை முதல் விரலும் நான்காம் விரலும். நம் பறவையின் குடும்பத்துக்கு மட்டும்தான் முதல் விரலும் இரண்டாம் விரலும். அந்த வேறுபாடு இந்தச் சொல்லில் வரவில்லை. அதோடு, காட்டில் அந்தக் குட்டிக் கால் யார் கண்ணிலும் படுவதில்லை. மலேசியாவின் பிரேசர் மலையில் செந்தலைத் தீக்காக்கையைத் தேடிப் போனவர்களுக்குத் தெரியும்: நிமிர்ந்து, வாலை நேராகத் தொங்கவிட்டு, முதுகைக் காட்டியபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும். பழுப்பு முதுகு மரத்தோடு மரமாகிவிடும். திரும்பினால்தான் அந்தச் சிவந்த வயிறு தெரியும். பெயரில் இருக்க வேண்டியது அதுதான். இதே பேரினத்து ஓரெஸ்கியோஸ் இனத்தின் வயிறு செம்மஞ்சள்; அதுவும் தீயின் நிறம்தானே.

"கெசும்பா" என்று மலாய்ப் பெயரையே எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை நான் எளிதில் தள்ளமாட்டேன். இங்கே கோலாலம்பூரில் நம் பிள்ளைகள் பள்ளியில் கேட்கும் மொழி அது. சொல்லும் வடமொழிக் குசும்பத்திலிருந்து வந்த சிவப்புச் சாயம்தான். ஆனால் 1822-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் இவற்றில் ஓர் இனத்துக்கு மட்டும் கசும்பா என்று அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். அதைப் பேரினத்துக்கும் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். அந்த இனத்தைச் செம்பிடரித் தீக்காக்கை என்று எழுதி, விளக்கத்தில் கெசும்பாவைச் சொல்லலாம்.

மிச்சம் இருப்பதில் உண்மையான சிக்கல் இரண்டு இனங்களில்தான். டுவாசெலி ஆணுக்கும் ஓர்ரோபேயஸ் ஆணுக்கும் தலை கறுப்பு, கண்ணுக்கு மேலே நீலம், வயிறு சிவப்பு. முதுகுக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தைப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும்: முன்னதற்குப் பளிச்சென்ற சிவப்பு, பின்னதற்கு இலவங்கப்பட்டை நிறம். ஆகவே இரண்டு பெயரிலும் பிட்டம் வந்தே ஆக வேண்டும்; கூச்சப்பட்டு விட்டுவிடக் கூடாது. முதலாவது செம்பிட்டத் தீக்காக்கை. இரண்டாவதற்குச் "செம்பழுப்பு" வேண்டாம், இரண்டும் "செம்" என்று தொடங்கினால் மாணவர்கள் மாற்றி எழுதிவிடுவார்கள். இலவங்கப்பிட்டத் தீக்காக்கை என்று வைக்கலாமா? கொஞ்சம் நீளம்தான். இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். தமிழ்ப்பள்ளிகளுக்கான பறவைப் பட்டியலில் அந்த ஒரு வரி மட்டும் காலியாக இருக்கிறது.