ஸ்பீட்டெஸ்டில் 96, யூஸ்நெட்டில் 12: குற்றவாளி யார்?

கம்பிவடம்:
100 எம்பிபிஎஸ் ஃபைபர். ஸ்பீட்டெஸ்ட் 96 காட்டுகிறது. அதே நேரத்தில் சாப்என்இசட்பி என்ற இறக்க மென்பொருளில் யூஸ்நெட் (செய்திக்குழுக்களாக எழுத்தும் கோப்பும் பகிரும் பழைய வலையமைப்பு) இறக்கம் நொடிக்கு 1.5 எம்பி, அதாவது 12 எம்பிபிஎஸ். ஒரே நேரத்தில் கனெக்ஷன் 8, போர்ட் 563, எஸ்எஸ்எல் (மறையாக்கம்) போட்டாச்சு. இரவு ஏழுக்கு மேல் வேகம் இன்னும் குறைகிறது. இணைய நிறுவனம் த்ராட்டில் செய்கிறதா, அதாவது வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கிறதா, யூஸ்நெட் கம்பெனியை மாற்ற வேண்டுமா?

மூன்றாம்அடுக்கு:
இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீங்க. ஸ்பீட்டெஸ்ட் சர்வர் பெரும்பாலும் உங்க இணைய நிறுவனத்தின் வீட்டுக்குள்ளேயோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். அது 96 காட்டினால் வீட்டிலிருந்து தெருமுனை வரை சாலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆம்ஸ்டர்டாம் மாதிரி தூரத்தில் இருக்கும் யூஸ்நெட் கம்பெனியின் நியூஸ் சர்வர் வரை என்ன நிலைமை என்று அது சொல்லாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கணும். முதலில் போர்ட். 563-இல் ஒரு 3 ஜிபி கோப்பை ஐந்து நிமிடம் ஓடவிட்டு வேகத்தைக் குறிச்சுக்குங்க. உடனே 443-க்கு மாற்றி அதே ஐந்து நிமிடம். பெரும்பாலான கட்டணச் சேவைகள் 443-லும் நியூஸ் இணைப்பை ஏற்கும். இங்கே ஒரு நுணுக்கம்: ஒரே சர்வர் பெயருக்குப் பின்னால் பல ஐபி இருக்கும், ஒவ்வொரு முறையும் வேறு ஒன்று வரலாம். அதனால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று கணினி முதலில் பார்க்கும் பட்டியல்) அந்தப் பெயருக்கு ஒரே ஐபியைக் கட்டிப்போட்டுவிட்டுச் சோதிக்கணும். செட்டிங்கில் பெயருக்குப் பதில் ஐபியையே போட்டால் சான்றிதழில் பெயர் பொருந்தாமல் இணைப்பே மறுக்கப்படும்.

ஒரே ஐபி, ஒரே பாதை, போர்ட் மட்டும் வேறு. 563-இல் 12, 443-இல் 90 வந்தால் நடுவில் யாரோ போர்ட் எண்ணைப் பார்த்துப் பிரிக்கிறார்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். இரண்டிலும் 12 என்றால் போர்ட் மேல் பழியில்லை.

விபிஎன் போட்டதும் வேகம் ஏறிச்சு, த்ராட்டில்தான் என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். விபிஎன் போட்டால் பாதையே மாறிவிடுகிறது. நெரிசலான இணைப்புப் புள்ளி ஒன்றைத் தற்செயலாகச் சுற்றிப் போயிருக்கலாம். மருந்தாக விபிஎன் நல்லது, சாட்சியாக நிற்காது.

இழுவைவண்டி:
கனெக்ஷன் 8 என்றதுமே எனக்குச் சந்தேகம் தூரத்தின் மேல்தான். கணக்கு போட்டுப் பாருங்க. இந்த இணைப்புகள் ஓடும் டிசிபி விதிமுறையில், 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகை வராமல் ஓரளவுக்குத்தான் அனுப்ப முடியும். அந்த அளவுதான் சாளரம். போய்வரும் நேரம் 150 மில்லிசெகண்ட், சாளரம் 64 கேபி-யிலேயே நின்றுவிட்டது என்றால் ஒரு கனெக்ஷனுக்கு நொடிக்கு சுமார் 430 கேபி-தான் உச்சம். சாளரம் விரிந்தாலும் இன்னொரு இழப்பு இருக்கு. யூஸ்நெட் கோப்பு சுமார் 700 கேபி துண்டுகளாக வருகிறது. வழக்கமாக மென்பொருள் ஒரு துண்டைக் கேட்டு, 222 ('இதோ வருகிறது') என்ற பதிலோடு அதன் உள்ளடக்கம் வந்து முடிந்ததும்தான் அடுத்ததைக் கேட்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு போய்வரல் வீண். இடையில் பாக்கெட் தொலைந்தால் சாளரமும் சுருங்கிவிடும்.

ஆகவே 4, 8, 16, 30 என்று ஏற்றிப் பாருங்க. கனெக்ஷன் இரட்டிக்கும்போது மொத்த வேகமும் இரட்டித்தால் அது பெரும்பாலும் தூரம்தான், மொத்த வேகத்தை யாரும் த்ராட்டில் செய்யவில்லை. மொத்தம் அசையாமல் நின்று ஒவ்வொரு கனெக்ஷனும் பாதியானால் மேலே எங்கோ ஒரு கூரை இருக்கு.

அனுமதித்த எண்ணிக்கையை முழுசாகப் போடாதீங்க. 50 என்றால் 45. லைன் துண்டாகி மறுபடி வந்தால் பழைய கனெக்ஷன்கள் சர்வர் கணக்கில் சில நிமிடம் உயிரோடு இருக்கும். புதிதாக 50 கேட்டால் 502 என்று கதவைச் சாத்தும். 481 வந்தால் அது பெரும்பாலும் வேறு விஷயம், பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு.

நேர்கோடு:
வேக வரைபடத்தைப் பார்த்தாலே பாதி தெரியும். முதல் பத்துப் பதினைந்து நொடி முழு வேகம், அப்புறம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரே எண்: அது செயற்கையான கட்டுப்பாடு. நெரிசல் அப்படி நேராக நிற்காது. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும், மாலையில் மோசமாகி நள்ளிரவில் தானாகச் சரியாகும்.

இந்தியாவில் இருப்பவர்கள் எஃப்யுபி-யையும் (நியாயப் பயன்பாட்டு எல்லை) பார்க்கணும். 'அன்லிமிடெட்' ஃபைபர் பலவற்றுக்கு மாதம் 3300 ஜிபி என்று எல்லை உண்டு. தாண்டினால் எல்லாமே மெதுவாகும், யூஸ்நெட் மட்டும் அல்ல. யூட்யூப் பறக்கிறது, நியூஸ் நொண்டுகிறது என்றால் எஃப்யுபி இல்லை.

புரோட்டோகால், அதாவது எந்த வகைப் போக்குவரத்து என்று பார்த்து வேகத்தை வெட்டும் காலம் ஒன்று இருந்தது, மறுக்கவில்லை. பிரிட்டனில் விர்ஜின் மீடியா என்ற இணைய நிறுவனம் பி2பி-யையும் (பயனர்களுக்குள் நேரடிக் கோப்புப் பகிர்வு) நியூஸ்குரூப்பையும் பெயர் சொல்லியே கொள்கையில் எழுதி உச்ச நேரத்தில் குறைத்தது. பிறகு, எல்லாப் போக்குவரத்தையும் சமமாக நடத்தச் சொல்லும் (நெட் நியூட்ராலிட்டி) ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2120 விதி 2016 ஏப்ரல் 30 முதல் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவில் 2018-இல் நெட் நியூட்ராலிட்டி ஏற்கப்பட்டது. அமெரிக்க இணைய நிறுவனம் காம்காஸ்ட் 2007-இல் இணைப்பைத் துண்டிக்கப் போலி ரீசெட் பாக்கெட் அனுப்பியதை இங்கே எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அது பிட்டோரன்ட் விவகாரம், யூஸ்நெட் இல்லை.

பழையகுழு:
கம்பெனி தேர்வு பற்றி யாரும் பேசவில்லையே. அமெரிக்காவில் 2008 வரை பல இணைய நிறுவனங்களே நியூஸ் சர்வரை இலவசமாக வைத்திருந்தன. அந்த ஜூனில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ இணைய நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு டைம் வார்னர் கேபிள் மூடியது, 2009 ஜூலையில் ஏடி&டி. அதற்கப்புறம் பைனரி, அதாவது வெறும் எழுத்தல்லாத கோப்புகள் வேண்டும் என்றால் காசு கொடுத்துத்தான்.

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், பேக்போனை (செய்திகளை உண்மையில் சேமித்து வைக்கும் சர்வர் கூட்டம்) பார்த்து வாங்குங்கள். கடை நிறைய, கிடங்கு கொஞ்சம். நியூஸ்ஹோஸ்டிங், யூஸ்நெட்சர்வர், ஈசிநியூஸ் மூன்றும் ஓமிக்ரான் என்ற ஒரே குடும்பம். ஒன்றில் 430, அதாவது 'அந்தத் துண்டு இல்லை' என்று வந்தால் அதே வீட்டு இன்னொரு கடையில் காசு கொடுத்தும் பெரும்பாலும் 430-தான். எந்தக் கிடங்கு என்று சந்தேகமா? ஏதாவது ஒரு செய்தியின் தலைப்புப் பகுதியில் பாத் என்ற வரியைப் படியுங்கள். எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்று ஆச்சரியக்குறியால் பிரித்து எழுதியிருக்கும், இடக்கோடியில் இருப்பது கடைசியாகத் தொட்ட சர்வர்.

6000 நாள் ரிடென்ஷன் (சேமித்து வைக்கும் காலம்) என்று விளம்பரம் இருக்கும், 16 வருடத்துக்கு மேல். அது எவ்வளவு பழசு வரை போகும் என்பதற்கான எண். துண்டெல்லாம் முழுசாக இருக்குமா என்பது வேறு கேள்வி. நீக்கக் கோரிக்கை வந்தால் அமெரிக்க சர்வர் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தின் படியும் நெதர்லாந்து சர்வர் என்டிடி என்ற 'அறிவித்தால் நீக்கு' நடைமுறையின் படியும் எடுக்கிறது. ஒரே துண்டு ஓரிடத்தில் போய் இன்னோரிடத்தில் இருப்பது அதனால்தான்.

சரியான சேர்க்கை: ஒரு மாதச் சந்தா, கூடவே வேறு பேக்போனில் காலாவதியாகாத 500 ஜிபி பிளாக் (ஒரு முறை காசு கொடுத்து வாங்கும் இறக்க அளவு). சாப்என்இசட்பி-யில் சந்தாவுக்கு முன்னுரிமை 0, பிளாக்குக்கு 1. முதலாவதில் 430 வந்த துண்டுக்கு மட்டும் பிளாக்கைத் தொடும். 5 ஜிபி பதிவு ஒன்றில் ஏழாயிரத்துச் சொச்சம் துண்டு. பார்2 (காணாமல் போன துண்டுகளைச் சரிசெய்யக் கூடவே வரும் கோப்புகள்) 10 சதவீதம் இருந்து, 3 சதவீதம் காணாமல் போனால் சரிசெய்துவிடும். 12 சதவீதம் போனால் கதை முடிந்தது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பிளாக். முன்னுரிமையைத் தலைகீழாகப் போட்டுவிட்டு 500 ஜிபி ஒரு வாரத்தில் தீர்ந்தது என்று புலம்புவது அடிக்கடி நடக்கிறது. வருடச் சந்தா நவம்பர் கடைசித் தள்ளுபடியில் மட்டும், அதுவும் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு.

எழுத்துமட்டும்:
படிக்க மட்டும்தான் என்றால் இத்தனை செலவு எதற்கு? எடர்னல் செப்டம்பர் என்ற நியூஸ் சர்வர் இலவசம், எழுத்துக் குழுக்கள் மட்டும். தண்டர்பேர்டில் நியூஸ்குரூப் கணக்கு சேர்த்து போர்ட் 563 கொடுத்தால் போதும். சாக்.கல்ச்சர்.தமிழ் மாதிரி பழைய குழுக்களைப் பார்க்க கூகுள் குரூப்ஸை நம்பியவர்களுக்கு: 2024 பிப்ரவரி 22 முதல் அங்கே புதிதாக எதுவும் வருவதில்லை, பழைய சேமிப்பைத் தேடலாம்.

மூன்றாம்அடுக்கு:
கம்பிவடம், எந்த மெஷினில் ஓடுகிறது என்று சொல்லவில்லையே? ராஸ்ப்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி என்றால் எஸ்எஸ்எல்-க்குத் தேவையான ஏஇஎஸ் மறையாக்கக் கணக்கைச் செய்யும் தனி வசதி அந்தச் சிப்பில் கிடையாது, எஸ்எஸ்எல் முழுசும் சிபியு தலையில் விழும். பை 5-இல் உண்டு. அரைகுறைக் கோப்புகள் விழும் ஃபோல்டர் சுழலும் டிஸ்க்கில் இருந்து, அதே டிஸ்க்கில் பிரிப்பும் நடந்தால் வேகம் பல்லிளிக்கும். சாப்என்இசட்பி-யின் நிலைப் பக்கத்தில் டிஸ்க் வேகத்தைச் சோதிக்கும் வசதி இருக்கு.

கம்பிவடம்:
சாதாரண டெஸ்க்டாப், எஸ்எஸ்டி, லேன் கேபிள். ஐபியைக் கட்டிப்போட்டுப் பார்த்தாச்சு. 563, 443 இரண்டும் 1.5 எம்பி. கனெக்ஷன் 24 ஆக்கியதும் 4.4 எம்பி. இரவு ஒன்பதுக்கு 24 கனெக்ஷனிலும் 2-க்கும் 3-க்கும் நடுவில் ஆடுகிறது.

இழுவைவண்டி:
மும்மடங்கு கனெக்ஷன், கிட்டத்தட்ட மும்மடங்கு வேகம். பகலில் தூரம்தான் பிரச்சினை, இன்னும் ஏற்றலாம். இரவில் ஆடுவது நெரிசல். ஒன்பது மணிக்கு எம்டிஆர் (பாதையில் எந்த ரௌட்டரில் எவ்வளவு இழப்பு என்று காட்டும் கருவி) வைத்து 200 பாக்கெட் விடுங்க. நடுவில் ஒரு ஹாப் (பாதையில் ஒரு ரௌட்டர்) மட்டும் 40 சதவீத இழப்பு காட்டினால் பயப்படாதீங்க, அந்த ரௌட்டர் பிங்குக்குப் பதில் சொல்லச் சோம்பல்படுகிறது. ஒரு ஹாப்பில் தொடங்கி கடைசி சர்வர் வரை இழப்பு தொடர்ந்தால்தான் கணக்கு. புகார் கொடுப்பதானால் பகல், இரவு இரண்டு எம்டிஆரையும் சேர்த்துக் கொடுங்க. 'நெட் ஸ்லோ' என்று மட்டும் சொன்னால் ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள். உங்க யூஸ்நெட் சந்தாவிலேயே அமெரிக்க சர்வர் பெயரும் கொடுத்திருக்கலாம், இருந்தால் அதையும் சோதிச்சுப் பாருங்க. போய்வரும் நேரம் கூடினாலும் பாதை காலியாக இருந்தால் அதுவே ஜெயிக்கலாம்.

அதுவரை சாப்என்இசட்பி-யின் ஷெட்யூலரில் (நேரம் குறிக்கும் வசதி) இரவு 1 முதல் காலை 6 வரை போட்டுவிடுங்க. 4.4 எம்பி-யிலேயே ஐந்து மணி நேரத்துக்கு 79 ஜிபி வருது.