45 வயதில் கிட்டார்: எஃப் கார்ட் பிடிபடாததற்கு வயதுதான் காரணமா?

கேள்வி:
எனக்கு வயது 45. டிரெட்நாட் வகை (பெரிய உடலும் எஃகுத் தந்திகளும் கொண்ட) அகூஸ்டிக் கிட்டார் ஒன்றை வாங்கி, வேலை முடிந்த மாலை வேளைகளில் பயின்று வருகிறேன். சி, ஜி, ஏ மைனர் ஆகிய கார்ட்கள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) தெளிவாக ஒலிக்கின்றன. ஆனால் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் முதலாவது) ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கும் எஃப் கார்டில் மட்டும் முதல் இரண்டு தந்திகள் ‘டொக்’கென்று அடங்கிவிடுகின்றன, கட்டைவிரலின் அடிப்பகுதியும் வலிக்கிறது. இந்த வயதில் விரல்கள் இனிப் படியாதா? நைலான் தந்திக் கிட்டாருக்கு மாறிவிடலாமா?

மறுமொழி 1:
நண்பரே, விரல்களைச் சந்தேகிக்கும் முன் கிட்டாரைச் சோதியுங்கள். அதே பிடியை ஐந்தாவது ஃப்ரெட்டில் வைத்து வாசியுங்கள். அது ஏ மேஜர். அங்கே எளிதாகவும் தெளிவாகவும் ஒலித்து, முதல் ஃப்ரெட்டில் மட்டும் அடங்கினால், நட்டில் (கழுத்தின் தலைப்பக்க நுனியில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) தந்தி அமரும் பள்ளங்கள் போதிய ஆழமில்லாமல் இருக்கக்கூடும். நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் ஏறத்தாழ 36 மி.மீ. தொலைவில்தான் உள்ளது என்பதால், அங்கே தந்தி சிறிது உயர்ந்திருந்தாலும் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். ஒரு தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள்: தலைமயிர் அளவு இடைவெளிதான் தெரியவேண்டும். விலை குறைந்த கிட்டார்கள் பலவற்றில் இது கூடுதலாகவே இருக்கிறது. பள்ளத்தை அளவுக்கு மீறி அராவிவிட்டால் தந்தி இரையத் தொடங்கும். ஆகவே பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். அதுவரை இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டிப் பயின்றால் நட்டின் குறை உங்களைத் தொடாது. 12 எண் தந்திகளுக்குப் பதில் அவற்றைவிட மெல்லிய 10 அல்லது 11 எண் தந்திகளைப் போட்டாலும் கை இளைப்பாறும்.

மறுமொழி 2:
மேலே கூறியது முற்றிலும் சரி. ஆயினும் கருவியைச் சீர்செய்தபின்னும் பிடியின் முறை தவறாக இருந்தால் வலி தீராது. எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் ஆறு தந்திகளையும் அழுத்தவேண்டும் என்று எண்ணுவதுதான் பெரும்பாலோரைக் களைப்படையச் செய்கிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் தந்திகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன; ஆள்காட்டி விரலின் பொறுப்பு ஆறாவது, இரண்டாவது, முதலாவது தந்திகள் மட்டுமே. விரலின் நடுச்சதையால் அழுத்தாமல், கட்டைவிரல் பக்கமுள்ள எலும்பு விளிம்புக்குச் சற்றே திருப்பி, ஃப்ரெட்டை ஒட்டி வையுங்கள். கட்டைவிரலால் நெரிக்காமல் முழங்கையைப் பின்னுக்கு இழுத்து, கையின் எடையைப் பயன்படுத்துங்கள். வலி தொடங்கியதும் நிறுத்திவிடுவது கட்டாயம். வலியோடு தொடர்ந்தால் விறைத்த பிடியே பழகிப்போகும்.

மறுமொழி 3:
நைலானுக்கு மாறுவதை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். தந்தி மென்மைதான், ஆனால் வழக்கமான கிளாசிக்கல் கிட்டாரின் நட் அகலம் சுமார் 52 மி.மீ., உங்களுடையது பெரும்பாலும் 43 அல்லது 44 மி.மீ. இருக்கும். படுக்கவைக்கும் விரலுக்கு அகன்ற கழுத்து கூடுதல் வேலை.

வயது ஒரு தடையே அல்ல. எஃப் கைகூடும்வரை பாட்டை நிறுத்திவைக்கவும் வேண்டாம். நான்காம் தந்தியில் மூன்றாவது ஃப்ரெட், மூன்றாம் தந்தியில் இரண்டாவது, இரண்டாம் தந்தியில் முதலாவது ஆகியவற்றைப் பிடித்து, முதல் தந்தியைத் திறந்தே விட்டு, தடித்த இரண்டு தந்திகளைத் தொடாமல் மீட்டுங்கள். அது எஃப் மேஜர் செவன். சி ஸ்கேலில் அமைந்த பல பாடல்களில் எஃப் வருமிடத்தில் இது அழகாகவே பொருந்தும். சுருதி உங்கள் குரலுக்குத் தாழ்வாக இருந்தால் கேப்போவை நகர்த்திக்கொண்டு இன்றைக்கே பாடத் தொடங்கலாம்.